நான்கு வரி போதும் என்றார்கள்

யார், எந்த ஊர், யாரைக் கேட்டு வளர்ந்தார்கள்,
சொல்லிவிட்டு மைக்கை விட்டு இறங்கிவிடு என்றார்கள்.
ஒயர் சுற்றுகிறவன் நான்,
எனக்கு எதற்கு இந்த வேலை.
ஆனாலும் எழுதினேன்,
ஐஸ் ஆலை ரசீதின் பின்பக்கத்தில்.

ஊர் பிரின்ஸ் ரூபர்ட்.
தூறல், சாரல், அடைமழை
மூன்றும் இங்கே ஒரே பிற்பகலின் பெயர்கள்.
காகிதக் கூழ் ஆலையை மூடியபோது
நாற்றம் ஒழிந்தது என்று ஒரு வாரம் மகிழ்ந்தோம்.
நாற்றம்தான் சம்பளம் என்பது
இரண்டாம் வாரம் தெரிந்தது.

குழுவின் பெயர் பில்ஜ் பம்ப்.
படகின் அடிவயிற்றில்
கடலும் டீசலும் மீன் ரத்தமும் கலந்து தேங்கும்.
அதை இரவெல்லாம் இறைத்துக் கொட்டும் ஒரு சின்ன மோட்டார்.
அது நின்றுபோனால்
படகு யாரிடமும் சொல்லாமல் குனியத் தொடங்கும்.
பெயர் வைத்தவன் ஐவார். யோசித்தெல்லாம் வைக்கவில்லை,
அன்றைக்கு அவன் கையில் பிரித்துப் போட்டிருந்தது அதுதான்.

ஐவார் ஹோல்ட், பேஸ்.
நான்கு கம்பியில் ஒன்று ஹெர்ரிங் பருவத்தில் அறுந்தது.
புதுக் கம்பிக்குப் பணம் வந்தபோது
பாட்டுகள் மூன்றுக்குப் பழகிவிட்டிருந்தன.

ரோடெல் மக்கராயெக், டிரம்ஸ்.
பதினாறு வயதிலிருந்து
சால்மன் தலை வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவன்.
யாரைப் பார்த்துக் கற்றாய் என்றால்
எந்த டிரம்மரின் பெயரும் வராது.
அந்த இயந்திரம் என்பான்.
அதுவும், பழுதாகி நிற்பதற்குச் சற்று முன்னால்
அது போடும் தாளம்.

லோர்னா வெஸ்லி, குரலும் கிட்டாரும்.
சிம்ஷியான் பெண்.
மெட்லகாட்லா தேவாலயக் குழுவில்
கூரையைத் தொடும் குரலில் பாடிக்கொண்டிருந்தாள்.
ஒரு ஜனவரிச் சளியில் குரல் கீழே இறங்கிற்று,
மேலே வர மறந்துவிட்டது.
கிட்டார்க் கம்பிகளைத் தளர்த்தித் தளர்த்தி
அவள் இருக்கும் இடத்துக்கு இறக்கினார்கள்.
விவரம் தெரிந்தவர்கள் இதைக் கனம் என்கிறார்கள்.
நாங்கள் சளி என்கிறோம்.

பாதிப்புகள்
என்று தலைப்புப் போட்டுவிட்டு
நீண்ட நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
லோர்னாவின் அண்ணன் டிரக்கில் ஒரு காஸெட் சிக்கி
நான்கு வருடம் வெளியே வரவில்லை.
சியாட்டில் பக்கத்துக் குழு ஏதோ ஒன்று,
சீட்டு உரிந்து பெயர் போய்விட்டது.
டெரஸ் போகும்போது அதே ஏழு பாட்டு,
திரும்பும்போதும் அதே ஏழு.
ஈரத்தில் நாடா நைந்து
எல்லாம் பாதி வேகத்தில் ஊர்ந்தன.
அதுதான் சரியான வேகம் என்று நம்பி
மூவரும் அப்படியே வாசிக்கப் பழகினார்கள்.
பிறகு யாரோ அசலைப் போட்டுக் காட்டியபோது
லோர்னா முகம் சுளித்தாள்:
“எதற்கு இத்தனை அவசரம்?”

நான்காவதாக ஒருவன் இருந்தான், டெஸ்மண்ட்.
ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்குப் போனான்.
அவன் ஆம்ப் மட்டும் மேடையின் இடப்பக்கம் நிற்கும்,
ஸ்பீக்கர் துணி கிழிந்து.
ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கி வருவோம்,
யாரும் மின்சாரம் கொடுப்பதில்லை.
இதை எழுதினேன்,
எழுதி அடித்துவிட்டேன்.

லீஜியன் ஹாலில் முப்பத்தொரு பேர்.
அவர்களில் பாதிப்பேர் ஹாக்கி பார்க்க வந்தவர்கள்.
மேடையேறி ரசீதைப் பிரித்தால்
சட்டைப் பை ஈரத்தில் மை கரைந்து
இறால் எடையும் என் எழுத்தும்
ஒன்றாகிக் கிடந்தன.
“இவர்கள் இந்த ஊர்க்காரர்கள்” என்றேன்.
“தெரியும்” என்றது பார் பக்கமிருந்து ஒரு குரல்.
ரோடெல் குச்சிகளைத் தட்டினான்.
ஒன்று. இரண்டு.
மூன்றுக்கு அவன் எப்போதும் கொஞ்சம் தாமதம்.

அந்த இடைவெளியில்
இடப்பக்கத்து ஆம்ப் உறுமுவது எல்லோருக்கும் கேட்டது.
லோர்னா அதைப் பார்த்தாள், பிறகு என்னை.
மதியமே செருகி வைத்திருந்தேன்.
என்னை யாரும் கேட்கச் சொல்லவில்லை,
நானும் யாரையும் கேட்கவில்லை.
மூன்று விழுந்தது.
குனிந்து ஒயரைத் தேடினேன்.